ஏழு நிமிடமும் குறையாமல்

றெபேக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. வார நாள்களில் மொன்றியலின் ரொக்ஸ்பரோ பகுதியில், கார்டெறி எனப்படும் ஒரு பகற்காப்பகத்தில் சிறு பிள்ளைகளைப் பராமரிக்கிறார். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் ஒன்றுகூடல்களில், மண்டப மேடையின் இடப்பக்கத்தில் மேசையொன்றைப் போட்டு, இரண்டு இயந்திரங்களில் இசைத்தட்டுகளை ஓட்டுபவரும் அவரே. பதினெட்டு ஆண்டுகளாக அந்த மேசை அவருடையது. சென்ற ஆண்டு அது அவரிடமிருந்து போய்விடும் நிலை வந்தது. அதை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை, அம்மண்டபத்தில் இருந்து கண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து இருபது வயதில் மொன்றியலுக்கு வந்தவருக்கு முதலில் கிடைத்த வேலை, ஓர் இசைத்தட்டுத் தொழிற்சாலையில் தட்டுகளை உறையிலிட்டுப் பெட்டியில் அடுக்குவது. மூலை மடங்கிய உறைகளைக் கடைகள் ஏற்பதில்லை. அவற்றை வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சிறிய தட்டுகளைத் தேடியபோது, றெபேக்கா பன்னிரண்டு அங்குலத் தட்டுகளை எடுத்தார். வானொலியில் மூன்றரை நிமிடம் ஒலித்த பொப் பாட்டுகள் அவற்றில் ஏழு நிமிடம், எட்டு நிமிடம் என நீண்டன. தொடக்கத்தில் ஒரு நிமிடம் வெறும் தாளம். நடுவில் பாடகியின் குரல் மறைந்து, தாளமும் அடித்தந்திக் கிற்றாரும் மட்டும் நடக்கும் நீண்ட வெளி. பின்னர் குரல் மீண்டும் வரும். ஆடுபவர்கள் மூச்சு வாங்கவும், கால்களை மறந்துவிடவும் அந்த வெளி வேண்டும் என்று, வார இறுதிகளில் நடனக் கூடமொன்றில் இசைத்தட்டு ஓட்டிய சக தொழிலாளி ஒருத்தி அவருக்கு விளக்கினாள். தட்டுகளை ஓட்டும் முறையையும் அவளே காட்டிக்கொடுத்தாள். தொழிற்சாலை மூடப்பட்டபோது றெபேக்காவிடம் இருநூற்றுக்கு மேற்பட்ட தட்டுகள் இருந்தன. மிகவும் பிடித்தவற்றில் இரண்டிரண்டு பிரதிகள்.

ஆனால், எங்கள் மண்டபத்தில் அந்த நீண்ட வெளியை அவரால் ஒருபோதும் முழுமையாக ஒலிக்கவிட முடியவில்லை. குரல் நின்றதும் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். ஆகவே அவர் ஒவ்வொரு பாட்டையும் பாதியில் இறக்கி, அடுத்ததை ஏற்றிவந்தார். சென்ற ஆண்டு ஒன்றுகூடலில், ஒருமுறையேனும் பார்ப்போமே என்று ஒரு தட்டை இறக்காமல் ஓடவிட்டார். குரல் நின்றது, ஆடியவர்கள் அனைவரும் நேரே உணவு மேசைக்குச் சென்று வரிசையாக நின்றுவிட்டார்கள். சுவாமியார் வந்து உணவை ஆசீர்வதிக்குமுன்னரே றோல்ஸ் சிற்றுண்டித் தட்டங்களின் மூடிகள் திறக்கப்பட்டுவிட்டன. நிருவாகக் குழுவின் தலைவர் அம்புறோஸ் அண்ணைக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் அவர் றெபேக்காவைக் கடிந்துகொள்ளவில்லை. தம் மருமகன் மடிக்கணினியில் நானூறு பாட்டுகள் வைத்திருப்பதாகவும், ஒன்றும் மூன்றரை நிமிடத்துக்கு மேற்படாது என்றும், இனி இசையை மருமகனே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சாந்தமாகவே கூறினார்.

“பிள்ளை, சனம் பாட்டுக்குத்தான் ஆட வருது. நீர் பாட்டை நிப்பாட்டிப்போட்டு மேளத்தை விட்டால் அது என்ன செய்யும்? சாப்பிடத்தான் போகும்.”

“அண்ணை, அடுத்தமுறை என்னை ஒரேயொரு தட்டுப் போட விடுங்கோ,” என்றார் றெபேக்கா. “ஏழு நிமிசம். ஒரு நொடியும் குறைக்கமாட்டன். அது முடியிறதுக்குள்ள சனம் கலைஞ்சால், மேசையை நானே மடிச்சுக்கொண்டு போறன்.”

கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்புறோஸ் அண்ணை சம்மதித்தார்.

சம்மதம் பெற்றுவிட்டாரே தவிர, ஆட்கள் ஏன் கலைகிறார்கள் என்பது றெபேக்காவுக்கும் தெரியாது. தாளம் பிடிக்கவில்லை என்றே பதினெட்டு ஆண்டுகளாக எண்ணியிருந்தார். இப்போது, சென்ற ஆண்டு நிகழ்ச்சியை யாரோ கைபேசியில் பிடித்திருந்த காணொளியைக் கேட்டு வாங்கி, அந்த ஓரிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கணவர் டனிஸ்ரன், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். முப்பதாவது தடவையாக இருக்கலாம், விடயம் புலப்பட்டது.

குரல் நின்றபோது யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். அதன் பின்னரே கலைந்தார்கள்.

நம்மவர்களின் வழக்கம் அது. பாடுபவர் நிறுத்தினால் கைதட்டுவது மரியாதை. ஒரு பாட்டுக்குக் கைதட்டியாகிவிட்டால் அது முறைப்படி முடிந்துவிட்டது. அதற்குமேல் ஆடிக்கொண்டிருப்பது நாகரிகமன்று. தாளம் அவர்களை விரட்டவில்லை. அவர்களுடைய கைதட்டலே அவர்களை வெளியே அனுப்பியது.

கைதட்டலைத் தடுக்க முடியாது என்பது றெபேக்காவுக்குத் தெரிந்திருந்தது. தட்டட்டும், ஆனால், அந்தத் தட்டல் தாளத்துக்குள் விழவேண்டும். எண்பதுகளின் தாள இயந்திரங்களில் கைதட்டல் ஒலியும் உண்டு. அவர் தெரிந்தெடுத்த தட்டில், பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டில், அந்த ஒலி வெளியின் நடுவில், குரல் நின்று நாற்பது நொடிகள் சென்ற பின்னரே வந்தது. அது நாற்பது நொடிகளுக்கும் சற்றுக் கூடுதலாக முந்தி, குரல் நிற்குமுன்னரே தொடங்கினால், முதலில் தட்டுபவரின் கை இயந்திரத்தின் கையோடு சேர்ந்துவிடும்.

அந்தத் தட்டில் அவரிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. முதலாவது, தொடக்கத்திலிருந்து முடிவுவரை குறைவின்றி ஓடும். வெளிக்கு முன் பாடகியின் கடைசி வரி வரும்போது, இரண்டாவது பிரதியில் கைதட்டல் உள்ள பகுதியை அதன்மேல் ஏற்றவேண்டும். முதலாவது தன் சொந்தக் கைதட்டலை அடைந்ததும் இரண்டாவதை இறக்கிவிடலாம். சொல்வதற்கு இவ்வளவே. இரண்டு தட்டுகளும் மயிரிழையும் பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடவேண்டும். பிசகினால் இரண்டு குதிரைகள் தார் வீதியில் ஓடுவதுபோலக் கேட்கும்.

ஆறு சனிக்கிழமைகள், காலை உணவு முடிந்ததும் றெபேக்கா நிலவறைக்குச் சென்றார். முதற் சனிக்கிழமை குதிரைகளே ஓடின. இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவது சனிக்கிழமை, டனிஸ்ரன் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, மடிக்கணினியில் இதை ஒரு நிமிடத்தில் ஒட்டி எடுக்கலாமே என்றார்.

“எடுக்கலாம்,” என்றார் றெபேக்கா. “அப்ப மேசையும் மடிக்கணினிக்குத்தானே போகவேணும்.”

அதன் பிறகு டனிஸ்ரன் தேநீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார். ஐந்தாவது சனிக்கிழமை இருபது தடவைகளில் பதினொரு தடவை சரியாக வந்தது. ஆறாவதில் பதினெட்டு.

இந்த ஆண்டு ஒன்றுகூடல் நாளன்று, பிற்பகல் நான்கு மணியளவில் அம்புறோஸ் அண்ணை தலையசைத்தார். அவர் உணவு மேசைக்கு முன்னால், ஒரு காவலரைப்போல நின்றார். றெபேக்கா தட்டை வைத்தார். தாளம் ஒரு நிமிடம் தனியே நடந்தது. குரல் வந்ததும் ஐம்பது அறுபது பேர் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். றெபேக்கா நிமிர்ந்து பார்க்கவேயில்லை. ஒரு காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி, இரண்டாவது தட்டின் விளிம்பில் விரலை வைத்திருந்தார்.

கடைசி வரி வந்தது. விரலை எடுத்தார். குரல் நின்றது.

முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். மண்டபம் முழுவதும் தட்டியது. முதல் இரண்டு மூன்று தட்டல்கள் சிதறலாக விழுந்தன. அடுத்தவை இயந்திரத்தின் தட்டலோடு சேர்ந்துகொண்டன. தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நிறுத்த இடம் கிடைக்கவில்லை. நிறுத்தாத கைகளுக்குக் கீழே கால்களும் நிற்கவில்லை. கதிரையில் இருந்த என் கைகளும் தட்டின. நாற்பது நொடிகள் கழித்து முதலாவது தட்டு தன் கைதட்டலை அடைந்தது. றெபேக்கா இரண்டாவதை மெல்ல இறக்கினார். யாரும் அதை அறியவில்லை.

உணவு மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அம்புறோஸ் அண்ணை கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேடையருகே வந்தார். அவருடைய வலக்கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“பிள்ளை, இது எப்ப முடியும்?”

“இன்னும் மூண்டு நிமிசம் கிடக்கு, அண்ணை.”

“மூண்டு நிமிசமோ? காணுமே?” என்றார் அவர், அது போதாது என்பதுபோலக் கூட்டத்தைப் பார்த்தபடி.

இனி அந்தத் தட்டுக்கு யாருடைய கையும் தேவையில்லை. பதினெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக, ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டை விட்டு றெபேக்கா மேடையிலிருந்து கீழே இறங்கினார். டனிஸ்ரன் அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார். இருவரும் மூன்று நிமிடமும் ஆடினார்கள்.