இரண்டடி இடுக்கு

உங்கள் வீட்டில் இடுக்கு எங்கே இருக்கிறது? அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கலாம். விழுந்த பேனையை எடுக்கக் கை நுழையவில்லை என்று சலித்துக்கொள்வீர்கள். உங்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் அத்தோடு முடிந்தது.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் சசிக்குமாருக்கு, இடுக்கு என்றால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் பின்சுவருக்கும் செங்குத்தாக வெட்டிய மண்மேட்டுக்கும் இடையே கிடக்கும் இரண்டடி. குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை; அதில் ஆறு பேர். "விறகை இடுக்குல போடு, கோழியை இடுக்குல அடை" என்றுதான் அங்கே பேச்சு. காம்பராவில் இடம் கிடைக்காததெல்லாம் இடுக்குக்குப் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் மகள் ஹம்சிகா வயதுக்கு வந்தாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அவன் அக்கா உடனே வந்துவிட்டாள்.

"சாமி படம் இருக்கிற எடத்துல தீட்டுப் புள்ளய எப்பிடிடா வைக்கிறது? ஒம்பது நாள்தானே. இடுக்குல தகரத்தைச் சாத்து."

"மேடு வெடிச்சிருக்குக்கா."

"நான் குந்துனப்பவும் அதே மேடுதான். நீ என்ன பெரிய இஞ்சினியரா?"

மேட்டில் வெடிப்பு விழுந்து இரண்டு வருடம். பார்க்க வந்த அதிகாரிகள் 'அபாயம்' என்று பலகை நட்டார்கள். வேறு வீட்டுக்கு மனுக் கொடுக்கச் சொன்னார்கள். மூன்று மனுவுக்கும் பதில் இல்லை. அந்தப் பலகையை வாசிக்கத் தெரிந்த சசிக்குமாரே, லயத்தின் வாய்க்குப் பயந்து, அதன் கீழே தகரம் சாத்தி, சாக்கு விரித்து, மகளை உட்காரவைத்தான்.

மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது. மதியத்துக்குள் இடுக்கில் கணுக்கால் அளவு செந்தண்ணீர். ஹம்சிகா விறகுக் கட்டின் மேல் ஏறி முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, முதுகுப் பக்கம் மண்ணு அசையிற மாதிரி இருக்கு."

அக்கா பின்வாசலை மறித்து நின்றாள். "இன்னும் ஆறு நாள் தம்பி. தண்ணி ஊத்தாம உள்ள எடுத்தா குடும்பமே வெளங்காது."

சசிக்குமார் சுவரைப் பார்த்தான். சாமி படத்தை ஆணியிலிருந்து கழற்றினான். அக்காவை ஒதுக்கிவிட்டுப் போய், அதை விறகின் மேல் வைத்து, மகளை உள்ளே தூக்கிவந்தான்.

"சாமி இருக்கிற எடத்துல புள்ள இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? சாமி இப்ப வெளிய."

கால் மணி நேரத்தில் மேடு இறங்கியது. முன்வாசலால் எல்லோரும் ஓடித் தப்பினார்கள். திரும்பிப் பார்த்தபோது இடுக்கு இருந்த இடத்தில் மண்தான் இருந்தது.

பதினொரு குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் கிடந்தன. அங்கேயும் அக்கா விடவில்லை. "சாமிய வெளிய வச்சே, மலையே எறங்கிருச்சு."

"எறங்குறப்ப அங்க சாமி இருந்துச்சுக்கா. புள்ள இல்ல."

மண் சரிந்த பன்னிரண்டாம் நாள், பாடசாலை திறக்க வேண்டும், லயத்துக்கே திரும்புங்கள் என்றார்கள் அதிகாரிகள். வேறு போக்கிடமில்லை, திரும்பினார்கள். பின்சுவர் விரிசல் விட்டு உள்ளே பிதுங்கி நிற்கிறது. விரிசலின் நுனியில் சசிக்குமார் கரியால் ஒரு கோடு போட்டான். விரிசல் கோட்டைத் தாண்டிவிட்டது. மழை இருட்டினால் ஹம்சிகா புத்தகப்பையோடு முன்வாசலில் போய் நின்றுகொள்கிறாள்.

இதை விதி என்று என்னிடம் சொல்லாதீர்கள். இரண்டடி போதும் என்று அளந்தவர்களும் மனிதர்கள், அதற்குள் ஒரு பிள்ளையை உட்காரவைக்கச் சொன்னவர்களும் மனிதர்கள். உங்கள் வீட்டுப் பெண் வயதுக்கு வந்தால் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். உங்கள் பிரதேச சபைக்கு இன்றே எழுதுங்கள்: எத்தனை லயங்களின் முதுகில் மேடு நிற்கிறது, அங்கிருப்பவர்களுக்கு வீடு எந்தத் தேதியில்? பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருங்கள்.