கிணற்றுக்கு ஒரு சர்வதேச வழக்கறிஞர்

காலை ஆறு மணிக்கு ரித்திகா லேத் மிஷினிடம் வாதாடிக்கொண்டிருப்பாள். ஒரு நாட்டில் பிறக்கும் ஆறு இன்னொரு நாட்டில் பாய்ந்தால் தண்ணீர் யாருக்கு என்பதுதான் வழக்கு. வாதம் ஆங்கிலத்தில். லேத் குறுக்கே பேசாது. ஆறரைக்கு வேலையாள் வந்து சுவிட்சைப் போட்டதும் நீதிமன்றம் கலைந்துவிடும். கல்லூரியில் நடந்த மாதிரி வழக்குப் போட்டியில் குரல் எடுபடவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், அன்றிலிருந்து இந்தப் பயிற்சி. கணபதி ஏரியாவில் அவள் அப்பாவின் லேத் பட்டறைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் எனக்கு இதனால் அலாரம் வைக்கும் வேலை மிச்சம். ஆப்பிரிக்க நதிகளைப் பற்றிய பொது அறிவும் வளர்ந்திருக்கிறது.

வயது இருபத்துமூன்று. ஐந்து வருடச் சட்டப்படிப்பை இந்தக் கோடையில் முடித்தாள். கூடப் படித்தவர்கள் கோர்ட்டில் சீனியருக்குப் பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். நீ போகவில்லையா என்று கேட்டால், "அதெல்லாம் உள்ளூர்ச் சட்டமுங்க" என்பாள், பழைய சோற்றை ஒதுக்குகிற மாதிரி. கைப்பேசியில் இரண்டு கடிகாரம் ஓடும். ஒன்று கணபதிக்கு, இன்னொன்று நெதர்லாந்துக்கு. மணி என்ன என்று கேட்டால் இரண்டையும் சொல்வாள். அம்மாவும் அப்பாவும் வாக்குவாதம் செய்தால் அவளுக்கு அவர்கள் 'இரு தரப்பு'. மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவது நான் இருக்கும் மாடியின் பொறுப்பா, கீழ்வீட்டின் பொறுப்பா என்று ஒருமுறை தெரியாத்தனமாக அவளிடம் கேட்டுவிட்டேன். நான்கு பக்கத்தில் கருத்துரை வந்தது. அடிக்குறிப்புகள் மட்டும் பன்னிரண்டு. தொட்டி இன்றைக்கும் நிரம்பி வழிந்துகொண்டுதான் இருக்கிறது.

நெதர்லாந்தில் சர்வதேசச் சட்டம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிறேன் என்று ஜூலை பதினைந்துக்குள் உறுதி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அப்பா தனபால் பம்ப் ஷாஃப்ட் கடைகிறவர். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. மாட்டேன் என்பதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை வைப்பார்.

"நாட்டுக்கு நாடு சண்டையத் தீக்கப் போறீங்க, ரொம்பச் சந்தோசம் கண்ணு. அதுக்கு முன்னால நம்ம கெணத்துப் பஞ்சாயத்தத் தீத்துப்போட்டுப் போங்க."

அந்தக் கிணறு அன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தனபாலுக்குப் பாதி, ஊரிலேயே இருக்கும் அவருடைய அண்ணன் குமாரசாமிக்குப் பாதி. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அதில் ஒரு மணி நேரம்கூட இதுவரை பிசகியதில்லை. பிறகு என்ன சண்டை? மோட்டாரின் கரண்டு இணைப்பு இன்னும் காலமான தகப்பனார் பேரில் இருக்கிறது. அதை யார் பேருக்கு மாற்றுவது என்பதில் ஐந்து வருடமாக அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீடுகளில் ஒருவர் முதல் பந்தி என்றால் மற்றவர் கடைசிப் பந்தி.

ரித்திகா அசரவில்லை. பதினொரு பக்கத்துக்கு ஒப்பந்த வரைவு தயாரித்தாள். நல்லுறவைப் பேண விரும்பும் இரு தரப்பினரும் என்று அது தொடங்கியது. ஜூலை பதினொன்றாம் தேதி ஸ்கூட்டியில் பெரியப்பா வீட்டுக்குப் போனாள், கையோடு தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோனாள். பெரியம்மா பூவாத்தாள் காபி கொடுத்தார், வேண்டாம் என்றாள். பணியாரம் வந்தது. அதுவும் வேண்டாம். மோர் வந்தது, கடைசியில் சொம்பில் வெறும் தண்ணீர் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில். நடுவராக இருப்பவர் ஒரு தரப்பிடம் எதையும் வாங்கக் கூடாதாம். அன்று சாயங்காலம் என்னிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள். இன்னொரு தரப்பான அப்பா வீட்டில் தினம் மூன்று வேளை சாப்பிடுகிறாயே என்று கேட்க நினைத்தேன். தட்டில் இருந்த நாலாவது தோசையை அவள் முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொந்தக்காரர் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வந்தால் கொங்கு நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உறவு முடிந்தது. இது ரித்திகாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் இதைவிடப் பெரிய விதி ஒன்றைப் படித்துவிட்டாளே.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஐந்து வருடத்துக்குப் பிறகு, குமாரசாமியின் மொபெட் பட்டறை வாசலில் வந்து நின்றது. நான் பேப்பர் இரவல் கேட்கிற சாக்கில் கீழே இறங்கினேன்.

"ஏண்டா தனபாலு, எங்கூட்டுல பச்சத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு புள்ளைகிட்டச் சொல்லி அனுப்பிச்சியா?"

தனபால் ஆயில் கையோடு ஓடிவந்தார். "சத்தியமா இல்லீங்கண்ணா. நான் அப்படிச் சொல்லுவனுங்களா?"

இருவரும் ஒரே நேரத்தில் ரித்திகா பக்கம் திரும்பினார்கள். அரை மணி நேரம் மாற்றி மாற்றித் திட்டினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள், இந்தக் காலத்துப் படிப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் அவர்களுக்குள் முழு ஒற்றுமை. அந்தச் சூட்டிலேயே கிணற்றுப் பேச்சும் வந்தது. இணைப்பை உன் பேருக்கே மாற்றிக்கொள் என்றார் அண்ணன். உங்கள் பேரில்தான் இருக்க வேண்டும் என்றார் தம்பி. இப்போது விட்டுக்கொடுப்பதில் சண்டை. கடைசியில் மூத்தவர் பேருக்கு என்று முடிவாயிற்று. பதினொரு பக்க வரைவை யாரும் பிரிக்கவில்லை. ரித்திகாவின் அம்மா சுடச்சுடக் காபிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்.

எப்படியோ, வழக்கு தீர்ந்தது. இரண்டு பேருக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ரித்திகா, இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, இன்றைக்கே உறுதி சொல்லிவிடட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். தனபால் அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஐந்து வருடமாக அந்த வீட்டில் எதற்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கேட்பதற்கு ஒரு மூத்தவர் திரும்பக் கிடைத்திருக்கிறார். அந்த மூத்தவரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

குமாரசாமி காபியை நிதானமாக ஆற்றினார். "பொட்டப்புள்ளயத் தனியா அத்தனை தூரம் அனுப்பிப்போட்டு நாம இங்க நிம்மதியா இருக்க முடியுமா? அடுத்த வருசம் பாத்துக்கலாம் அம்மணி."

"அண்ணன் சொல்றதும் செரிதானுங்க கண்ணு" என்றார் தனபால்.

அதுவரை எனக்கு எல்லாமே வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் இரவல் வாங்கிய பேப்பரை மடித்து வைத்தேன். ஐந்து வருடப் படிப்பு, இரண்டு காபி டம்ளருக்கு நடுவில், ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் எழுந்தாள். உள்ளே போய் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நடுவர் வேலை முடிஞ்சுதுங்க பெரியப்பா" என்றாள். குரல் நன்றாகவே எடுபட்டது. "இப்ப நானும் ஒரு தரப்புங்க."

நடுவில் கிடந்த ஸ்டூலைச் சிமெண்டுத் தரையில் கரகரவென்று இழுத்துப்போய், இரண்டு பேருக்கும் நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.