மேடைக்கு வராத அம்மா

இன்று நல்லூரில் ஒரு கல்யாணம். மேடைக்கு எதிரே நின்றபடி முகூர்த்தத்தை அங்கேயே வரைந்து தரும் வேலை எனக்கு. கால் மரத்துவிட்டது.

பெண்ணின் பெரியப்பா சாயப்பட்டறைக்காரர். அடிக்கடி வந்து படத்தைப் பார்த்து, "கூரைச்சேலை ஷேடு மாறுதுங்க" என்றார்.

பெண் கேட்டது ஒன்றுதான். "அப்பா தவறினதால அம்மா மேடைக்கு வரமாட்டேங்கறாங்க. படத்துலயாவது எம் பக்கத்துல நிக்க வெச்சுருங்க."

வரைந்தேன்.

பெரியப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி சம்சாரத்து சேலை ஷேடு மட்டும் அப்படியே இருக்குதுங்க."

அதே சேலையில் அந்தம்மா பந்திக் கதவோரம்தான் நின்றிருந்தார். பெரியப்பா அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. யாருமே கூப்பிடவில்லை.

உங்கள் ஊரில் கூப்பிடுவார்களா?