மினியாபொலிஸ் படத்தின் பின்பக்கம்

ரிஷிகேசன் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. குரோருட் பகுதியில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பால் வாங்கினாலும் பின்வரிசைக்குள் கைவிட்டுத்தான் எடுப்பார். "முன்னுக்குப் பழசைத்தான் வைப்பாங்கள்" என்பார். முப்பது வருடமாக ஒஸ்லோவில் இருந்தும் வானிலை அறிவிப்பை நம்பாமல், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வெளிக்கிடுவார். வேலை, டானியல் என்ற ஓவிய வியாபாரியின் பட்டறையில் படங்களுக்குச் சட்டம் போடுவது. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை டானியல் ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க நகரம் மினியாபொலிஸ். ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலைகள், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள், அவற்றுக்கு நடுவே அவசரம் அவசரமாக எழும்பும் பலகை வீடுகள், பாதி கட்டிய தேவாலயம். கீழே ஒரு கையொப்பம், 1871. அங்கே குடியேறிய நோர்வேக்காரர் வரைந்தது, போன மாதம்வரை அமெரிக்காவில் ஒரே வீட்டுச் சுவரில் தொங்கியது என்றார். பிற்பகல் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வாங்க வருகிறாராம். அதற்குள் புதுச் சட்டம் போடவேண்டும்.

கையொப்பத்தின் கறுப்பு ரிஷிகேசனுக்குப் பிடிக்கவில்லை. வானத்தில் பழைய வண்ணமெல்லாம் வெடித்துக் கிடக்க, பெயர் மட்டும் வழவழவென்று இருந்தது. படத்தைக் கவிழ்த்து, பின்னால் ஒட்டியிருந்த தாளை உரித்தார். துணியை இழுத்துக் கட்டியிருந்த மரத்தின் மூலையில் பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி.

அவருடையதேதான். எந்தப் படத்தைத் தொட்டாலும் முதலில் சுழி போட்டுவிட்டுத்தான் ஆணி அடிப்பார். ஐந்தாறு வருடத்துக்கு முன் இதே பட்டறையில் இதே படத்தின் ஆலைப் புகைமேல் இருந்த தூசியைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. அன்று பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை.

கழிப்பறைக்குள் போய் மனைவி சத்தியபாமாவுக்கு ஃபோன் எடுத்தார்.

"ரெண்டு வருசம் பேசாமல் இருங்கோவன். உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்தான்."

"இது சந்தேகமில்லையப்பா. என்ரை கையாலை போட்ட சுழி."

தாளைத் திரும்ப ஒட்ட நேரம் இருந்தது. ஒட்டவில்லை.

வந்த பெண் படத்தில் சொக்கிப்போனார். பிறகு பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார்.

"இது என்ன குறி?"

"அமெரிக்க ஆலைக்காரர் மரத்தில் போட்டிருப்பார்கள்," என்றார் டானியல், கண் இமைக்காமல்.

அன்று காலை ரிஷிகேசன் சட்டம் போட்ட நான்கு படங்கள் சுவரோரம் நின்றன, எல்லாம் இந்த வருடம் வரைந்தவை. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். நான்கின் மூலையிலும் அதே சுழி.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். ரிஷிகேசனின் காதில் செருகியிருந்த பென்சிலையும் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று டானியல் பட்டறைச் சாவியைக் கேட்டார். ரிஷிகேசன் கொடுத்தார். ஆனாலும் சாவி கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.