நூற்றுப் பதினெட்டுக் கிலோவும் வேளை தவறாத மாத்திரையும்

உணவு ஆலோசகர் வேலையில், நோயாளி சொல்வதை எல்லாம் நம்பினால் உருப்படியாக ஒரு பட்டியல் எழுத முடியாது. எதையுமே நம்பாவிட்டால் ஒருவரும் திரும்பி வர மாட்டார். எடை மெஷினில் ஏறுமுன் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கும் என் சக பாவிகளே, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பார்த்த மேரியைப் பற்றிக் கேளுங்கள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இளைக்கப் பயம்

கீழ்வேளூர் பக்கம் வயல் வைத்திருப்பவர். வயது நாற்பத்தைந்து, எடை நூற்றுப் பதினெட்டு. மூட்டுவலியால் சொந்த வரப்பில் நடந்தே இரண்டு வருடமாகிவிட்டது. பதினாலு வருடமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் கட்டுப்பாடு. வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் அவருக்கும் செய்யலாம் என்றார் டாக்டர். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் சுருங்கிவிட்டது.

"இளைச்சா ஊர்ல நோயைக் கண்டுபிடிச்சிருவாங்க மேடம். இந்த உடம்புதான் எனக்குப் போர்வை."

என் தப்பு

மூன்று வாரம் யோசித்து, வயலுக்குப் போயே ஆக வேண்டும் என்று அவரே சம்மதித்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகும் நாளில், எல்லோருக்கும் எழுதுவது போலக் கால்சியம் மாத்திரையைக் காலைக்கு எழுதினேன். அவர் எச்.ஐ.வி. மாத்திரை போடுவதும் காலையில், வெறும் வயிற்றில். இரண்டும் சேர்ந்தால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கிருமி மறுபடி தலைதூக்கலாம். தாளைப் படித்தவர், அதை என் பக்கமே தள்ளினார்.

"பதினாலு வருஷமா மாத்திரையோட குடித்தனம் பண்றேன். அதுக்கு யாரு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். கால்சியத்தைச் சாயங்காலத்துக்கு மாத்துங்க."

காலி டப்பா

அடுத்த முறை வந்தவர், காலியான புரதப் பவுடர் டப்பா, மிச்சமிருந்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் என் மேசையில் அடுக்கினார். எதற்கு என்று கேட்டேன்.

"எச்.ஐ.வி. மருந்து குடுக்குற எடத்துல மாத்திரையைக் கொட்டி எண்ணுவாங்க. நீங்க வாயால சொன்னாலே நம்பிருவீங்களா?"

ஆறாம் மாதம்

எடை எண்பத்தொன்பது. கிருமிப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குத்தான் படபடப்பு. முன்பு போலவே கட்டுக்குள்! குறுவை நடவின்போது தானே வரப்பில் நடந்து போய் மேற்பார்வை பார்த்தாராம். பக்கத்து வயல்காரர், "என்னம்மா இளைச்சிட்ட, உடம்புக்கு ஏதாச்சும்..." என்று இழுத்தாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"மூச்சு வாங்கிக்கிட்டு ரோட்டுலயே நின்னேனே, அப்ப ஏண்ணே கேக்கலன்னேன். மடையைத் தெறக்கணும்னு போயிட்டாரு."

இத்தனை வருட வேலையில், நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்த ஒரே நோயாளி என் தப்பைத் திருத்தியவர்தான் என்பதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.