உடம்பு மறந்த ஊர்

திருப்பதியில் எங்கள் மாடி ரூமில் மோசஸ் குடியிருந்தான். உகாண்டாவிலிருந்து படிக்க வந்த பையன். எங்களோடு பழகித் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவான். மூன்று வருஷம் கழித்து முதல் தடவையாக ஊருக்குப் போய் வந்தவன், சில நாளிலேயே குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்துவிட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு வரலாம், எழுந்திருப்பா" என்றேன்.

"மலேரியாதான் ஆன்ட்டி. சின்ன வயசுல அடிக்கடி வரும். இப்போ என்னை ஒண்ணும் செய்யாது."

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது, என்னை அடையாளம் தெரியாமல் அவன் பாஷையில் உளறினான். பதறிப்போய் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

"நல்லவேளை, வந்துட்டீங்க" என்றார் டாக்டர். "திரும்பத் திரும்ப மலேரியா வந்துதான் உடம்பு அதைத் தாங்கப் பழகுது. சில வருஷம் அந்த ஊரை விட்டு வந்துட்டா, அந்த எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிடும்."

தெளிந்ததும் அவன் அம்மாவுக்கு வீடியோ காலில் அதைச் சொன்னான். அந்த அம்மா அழுதார்.

"என்னப்பா சொல்றாங்க?"

"உன் உடம்பு நம்ம ஊரையே மறந்துடுச்சான்னு கேக்குறாங்க ஆன்ட்டி."

எனக்கு அவர் பாஷை தெரியாது. அவருக்குத் தெரியும்படி மோசஸின் நெற்றியில் கை வைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

அடுத்த லீவுக்கு மோசஸ் கிளம்பினபோது, மலேரியா வராமலிருக்க டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை நானே அவன் பையில் வைத்தேன். சொந்த ஊருக்குப் போகிற பிள்ளைக்கு, வெளியூர்க்காரர்களுக்குத் தருகிற மாத்திரை.