வலத்தோளில் போட்ட முடிச்சு

மதராஸில் டிராம் நின்றுபோன வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் காசிமேட்டில் கரையேறும் ஆண்கள் ஈரவலையைத் தடியில் தொங்கவிட்டு, முன்னொருவர் பின்னொருவராகத் தோளில் சுமந்து வருவார்கள். அதனால் எல்லார் தோளிலும் காய்ப்பு உண்டு. என் நைனாவுடையதுதான் குப்பத்திலேயே பெரியது என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. மாதம் பிறந்ததும் அவரை உட்காரவைத்து, மிச்சமான வலைநூலை அந்த மேட்டின்மேல் ஓரத்துக்கு ஓரம் பிடித்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போடுவேன். எப்போதும் நூலின் அதே முனையிலிருந்துதான் அளப்பேன்.

பங்குனியில் வலி வந்து, நைனா தடியை இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் வழக்கம்போல் வலத்தோளை அளந்தேன். சித்திரையிலும் வைகாசியிலும் முடிச்சு தள்ளித் தள்ளியே விழுந்தது. பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் நூலை வாங்கிப் பார்த்தாள்.

"சொமையே இல்லாத தோள்ல காய்ப்பு எப்டிய்யா வளருது?" என்று நைனாவைக் கேட்டாள்.

மீன்காரிக்கு டாக்டர் நினைப்பு என்று அவர் சிரித்தார். மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். செதில் ஒட்டிய அந்த நூலும் கூடப் போயிற்று.

தசையில் அபூர்வமாக வரும் கட்டி என்றாராம் டாக்டர். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். சுற்றியுள்ள நல்ல தசையையும் சேர்த்தே வெட்ட வேண்டும். பிறகு அந்தக் கை தோளுக்கு மேல் எழாது. துடுப்புப் போடுகிற கை. நைனா இரண்டு நாள் கரையிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

"கடலுக்குப் போவலைன்னா போவட்டும். நீ என் கண்ணு முன்னால குந்திகினு இருந்தா போதும்."

மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார். மேடு இருந்த இடத்தில் என் உள்ளங்கை அடங்கும் பள்ளம். கரையில் உட்கார்ந்து பிறருடைய வலைகளைப் பழுது பார்க்கத் தொடங்கினார். மாதம் பிறந்ததும் அவரே என்னைக் கூப்பிட்டு நூலை எடுத்துவரச் சொல்வார். தழும்பை அளப்பேன். புது முடிச்சு, தழும்புக்கு முதன்முதலில் போட்ட முடிச்சின் மேலேயே விழும்.

"அதே முடிச்சா?" என்பார்.

வளராத ஒன்றை அளப்பது எனக்குச் சலித்துவிட்டது. அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சித்திரையில், அவரைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய் சொன்னேன்.

"ஒரு விரல் வளந்துகீது நைனா."

உள்ளே பாத்திரம் விழுந்தது. அம்மா ஓடிவந்து நூலைப் பிடுங்கித் தானே அளந்தாள். அதே முடிச்சு. இன்னொரு முறை அளந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நைனா என்னைத் திட்டவில்லை. நல்ல கையால் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சித்திரை வெயிலில் அவருக்கு எப்படிக் குளிர்கிறது என்று யோசித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.